நியூவல் போஸ்ட் ஆடுகிறதா? தரைக்குள் ஹீட்டிங் குழாய் இருந்தால் டிரில்லை எடுப்பதற்கு முன்

படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில் கைப்பிடியைத் தாங்கி நிற்கும் தடித்த மரத்தூண், அதாவது நியூவல் போஸ்ட், ஆட ஆரம்பித்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: அடியில் ஒரு நீளமான போல்ட்டை இறக்கி இறுக்கிவிடலாம். சாதாரணத் தரை என்றால் செய்துகொள்ளுங்கள். அறையைச் சூடாக்குவதற்காகத் தரைக்குள் சுடுநீர்க் குழாயோ ஹீட்டிங் கேபிளோ ஓடுகிற இடத்தில் அதே யோசனை பத்து நிமிடத்தில் ஹாலைக் குளமாக்கிவிடும், அப்புறம் தூண் ஆடுவது ஒரு கவலையாகவே தெரியாது.

இன்னொரு விஷயம். குழாயில் படாமல் போல்ட் போட்டுவிட்டாலும் தூண் நிற்கப்போவதில்லை. ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரியும். 90 மி.மீ. சதுரத் தூண், நடுவில் ஒரு போல்ட், 1 மீட்டர் உயரத்தில் ஒருவர் 50 கிலோ அளவுக்குச் சாய்கிறார். தூண் அதன் விளிம்பில் மோதித் திரும்பப் பார்க்கும், விளிம்பிலிருந்து போல்ட் வரை 45 மி.மீ.தான். 50-ஐ 1000-ஆல் பெருக்கி 45-ஆல் வகுத்தால் சுமார் 1,100 கிலோ. அவ்வளவு இழுவை அந்த ஒரு போல்ட்டில். அதே தூணைப் படிகளைத் தாங்கி ஓடும் பக்கப்பலகையோடு, தரையிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் ஒன்று, 300 மி.மீ. உயரத்தில் ஒன்று என்று இரண்டு போல்ட்டால் பிடித்தால், மேல் போல்ட்டுக்கு வருவது சுமார் 225 கிலோ. தூணைப் பிடித்துக்கொள்ள வேண்டியது படிக்கட்டுதான், தரை அதன் அடி வழுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

தரைக்குள் என்ன இருக்கிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே டைல்ஸ், அதன் கீழே பசை, அதற்கும் கீழே 50 முதல் 75 மி.மீ. வரை ஸ்க்ரீட், அதாவது தரையைச் சமப்படுத்தப் போடும் காரை, அந்த ஸ்க்ரீட்டுக்குள் பெரும்பாலும் 16 மி.மீ. குழாய், பிறகு தெர்மாகோல் மாதிரியான இன்சுலேஷன், கடைசியில்தான் கான்கிரீட். அதாவது நீங்கள் நிற்கும் ஸ்க்ரீட் எதோடும் ஒட்டாமல் ஒரு மெத்தைமேல் மிதந்துகொண்டிருக்கிறது. சில இடங்களில் இன்சுலேஷன் கான்கிரீட்டுக்குக் கீழே இருக்கும், குழாய் கான்கிரீட்டுக்குள்ளேயே போகும். எது என்று தெரியாமல் எந்த ஆழமும் பாதுகாப்பான ஆழம் இல்லை.

முதலில் ஒரு சோதனை

ஒருவரைத் தூணின் தலையைப் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் தரையில் உட்கார்ந்து, தூணும் தரையும் சேரும் கோட்டில் பாதி விரல் தூண்மேலும் பாதி தரைமேலும் இருக்கும்படி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அரை மி.மீ. அசைவுகூட விரலுக்குத் தெரிந்துவிடும். அதே மாதிரி தூணும் பக்கப்பலகையும் சேரும் இடத்தில், கைப்பிடி தூணில் நுழையும் இடத்தில். ஆட்டும்போது படிக்கட்டு போகும் திசையில் ஒருமுறை, குறுக்காக ஒருமுறை. படியின் திசையில் கைப்பிடியே தூணை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதனால் அந்தப் பக்கம் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. குறுக்காகத்தான் தூணுக்குத் துணை கிடையாது.

தலை ஆடுகிறது, அடி அசையவே இல்லை

நல்ல செய்தி, தரையைத் தொட வேண்டாம். கைப்பிடியை இணைக்கும் போல்ட்டின் நட்டு தளர்ந்திருக்கும். கைப்பிடியின் அடிப்பக்கம் வட்டமான ஒரு மரத்தக்கை தெரியும், அதை உளியால் மெதுவாகக் கிளப்பினால் உள்ளே நட்டு இருக்கும், இறுக்குங்கள். தக்கையைத் திரும்ப வைக்கும்போது பசை போடாதீர்கள், அடுத்த வருடம் இதே வேலைக்கு வருவீர்கள். நட்டு இறுக்கமாக இருந்தும் ஆடினால் பக்கப்பலகையின் முனையில் நாக்கு மாதிரி இருக்கும் கழுந்து தூணின் துளைக்குள் தளர்ந்திருக்கலாம். சின்ன இடைவெளி என்றால் எபாக்சி விட்டு, குறுக்கே ஒரு மர ஆணி அடித்துவிடலாம்.

அடியே ஆடுகிறது

விரலுக்கு அடியில் தூண் மேலும் கீழும் எழும்பி இறங்குகிறது என்றால் பிடிப்பு போய்விட்டது. பலரும் நேராகத் தரைக்குப் போவது இங்கேதான். முதலில் முதல் படியைப் பாருங்கள்.

படிக்குப் பின்னால் போக வழி இருந்தால், உதாரணமாகப் படிக்கட்டின் கீழ் அலமாரி இருந்தால், பாதி வேலை முடிந்த மாதிரி. முதல் படியின் முகப்புப் பலகையும் பக்கப்பலகையும் சேரும் உள்மூலையில் குறைந்தது 50 மி.மீ. தடிமனுள்ள கெட்டி மரக்கட்டை ஒன்றைப் பசையும் திருகும் போட்டுப் பதித்து, அந்தக் கட்டை வழியாகத் தூணுக்குள் 10 மி.மீ. போல்ட் இரண்டு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக, எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி. பெரிய வாஷர் கட்டாயம், இல்லாவிட்டால் நட்டு மரத்தைத் தின்றுகொண்டு உள்ளே போய்விடும். பின்னால் போக வழி இல்லையென்றால் முதல் மிதிபலகையைக் கழற்றுங்கள், அது தலைவலிதான், ஆனாலும் ஸ்க்ரீட்டை உடைப்பதைவிடச் சின்னத் தலைவலி. அதுவும் முடியாதென்றால் தூணின் வெளிப்பக்கத்திலிருந்து நீளமான 8 மி.மீ. திருகைப் பக்கப்பலகைக்குள் இறக்கி, தலையைக் குழிக்குள் புதைத்து, அதே மரத்தில் தக்கை வைத்து இழைத்துவிடலாம். தக்கையின் ரேகையும் தூணின் ரேகையும் ஒரே திசையில் இருந்தால் ஓரடி தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

தூணைக் கழற்றிப் புதிதாக வைப்பதானால் இன்னும் வசதி. தூணின் அடியில் மூலையை வெட்டி எடுத்து, முதல் படியின் மூலையைத் தூண் கட்டிப்பிடித்த மாதிரி உட்கார வைத்தால், குறுக்குத் தள்ளலைப் போல்ட்டோடு சேர்ந்து மரமே தாங்கும்.

இவ்வளவும் செய்துவிட்டு அடி வழுக்காமல் இருக்கத் தரையில் ஒரு சின்னப் பிடிப்பு கொடுக்கலாம். 6 மி.மீ. இரும்புத் தட்டை வெறும் ஸ்க்ரீட்டிலோ நன்றாக ஒட்டியிருக்கும் டைல்ஸிலோ எபாக்சியால் ஒட்டி, அதன் மேல் தூணை உட்கார வைப்பது எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் துளையே இல்லை. லேமினேட் பலகைமேல் ஒட்டிப் பயனில்லை, அது தானே மிதக்கிற தரை.

கண்டிப்பாகத் துளைத்தே ஆக வேண்டும், குழாய் எங்கே?

கான்கிரீட் படிக்கட்டு, கண்ணாடிப் பக்கம், தனியாக நிற்கும் தூண் என்று சில இடங்களில் படியிடம் பிடிப்பு கேட்க முடியாது. அப்போது குழாய் எங்கே என்று கண்டுபிடிக்காமல் டிரில்லை ஆன் செய்யக் கூடாது.

ஸ்க்ரீட் போடுவதற்கு முன் எடுத்த போட்டோ இருந்தால் தேடி எடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். குழாயைப் பிடித்திருக்கும் கிளிப் கழன்று, ஸ்க்ரீட் ஊற்றும்போது குழாய் மேலே மிதந்து வருவது உண்டு, பக்கவாட்டில் நகர்வதும் உண்டு. மேலே 30 மி.மீ. மூடியிருக்கும் என்று நினைத்த இடத்தில் 15 இருக்கலாம்.

தெர்மல் கேமராதான் நல்ல வழி. ஹீட்டிங்கை ஒரு நாள் முழுக்க நிறுத்தித் தரையை ஆறவிட்டு, பிறகு முழு வேகத்தில் ஓட விட்டு, சூடு ஏற ஆரம்பிக்கும்போதே பாருங்கள். கோடு கோடாகத் தெரியும். ரொம்ப நேரம் விட்டால் சூடு பரவித் தரை முழுக்க ஒரே நிறமாகிவிடும். தெரிந்ததும் மாஸ்கிங் டேப்பைக் குழாய்மேல் ஒட்டிக்கொண்டே வாருங்கள். கேமரா இல்லையென்றால், வெறும் ஸ்க்ரீட் தரையில் ஈரத்துணியால் ஒரே சீராகத் துடைத்துவிட்டு ஹீட்டிங்கைப் போடுங்கள், குழாய்க்கு மேல் முதலில் காயும். பளபளப்பான டைல்ஸில் இது சரியாக வராது. மெட்டல் டிடெக்டரைப் பொறுத்தவரை, நடுவில் அலுமினியம் வைத்த மல்டிலேயர் குழாய் என்றால் பிடிக்கும், வெறும் பெக்ஸ் (பிளாஸ்டிக்) குழாய் என்றால் பக்கத்தில் இருக்கும் கம்பியைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும்.

சூடு பரவித்தான் மேலே வருகிறது என்பதால் கேமராவில் தெரியும் கோடு அவ்வளவு துல்லியம் இல்லை. இரண்டு பக்கமும் 50 மி.மீ. விட்டுவிடுங்கள். குழாய்கள் 150 மி.மீ. இடைவெளியில் ஓடினால் 16 மி.மீ. குழாய், இருபுறமும் 50, ஆக 116 போய்விட்டது. உங்களுக்கு மீதி இருப்பது 34 மி.மீ. அகல ஒரு பட்டை. நான்கு மூலையிலும் போல்ட் கேட்கும் ரெடிமேட் தட்டை அதற்குள் வைப்பது நடக்காது. இதில் இன்னொரு வில்லங்கம், மேனிஃபோல்டை, அதாவது தண்ணீரைக் குழாய்களுக்குப் பிரித்து அனுப்பும் வால்வுத் தொகுதியை, படிக்கட்டின் கீழ் அலமாரியில் வைப்பது ரொம்பச் சகஜம். எல்லா லூப்பும், அதாவது தரைக்குள் ஓடித் திரும்பும் ஒவ்வொரு குழாய்ச் சுற்றும், அங்கிருந்துதான் கிளம்பும், அதனால் வீட்டிலேயே குழாய் நெருக்கம் அதிகமான இடம் உங்கள் முதல் படியின் பக்கமாகவே இருக்கலாம்.

இடம் கிடைத்துவிட்டால் டிரில் பிட்டில் ஆழத்துக்கு டேப் சுற்றிக்கொள்ளுங்கள், ஹேமர் மோடு போடாமல் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக.

திருகு இறுகவே இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது

டிரில் பிட்டை வெளியே எடுத்து அதன் வரிகளைப் பாருங்கள். முதலில் வருவது சாம்பல் நிறத் தூள், ஸ்க்ரீட். திடீரென்று பிட் தானாக உள்ளே விழுந்த மாதிரி இறங்கி, எடுக்கும்போது சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகள் ஒட்டிக்கொண்டு வந்தால் ஸ்க்ரீட்டைத் தாண்டி இன்சுலேஷனுக்குள் போய்விட்டீர்கள். குழாயில் படாமல் தப்பித்ததற்குச் சந்தோஷப்படலாம். ஆனால் அங்கே திருகைப் பிடிக்கப் போட்ட பிளாஸ்டிக் ரால் பிளக் விரியும், பிடிக்க எதுவும் இருக்காது, சுற்றத்தான் செய்யும். இன்னும் பெரிய பிளக், இன்னும் நீளமான திருகு என்று போகாதீர்கள்.

கான்கிரீட் வரை போயே தீர வேண்டுமென்றால், ஸ்க்ரீட்டில் துளை பெரிதாக, கான்கிரீட்டில் போல்ட்டுக்கு ஏற்றபடி. கான்கிரீட்டுக்குள் கெமிக்கல் ஆங்கர் (ரெசினால் ஒட்டிப் பிடிக்கும் போல்ட்), அதற்கு மேல் ஸ்க்ரீட்டையும் இன்சுலேஷனையும் தாண்டி வரும் இரும்புக் குழல் ஒன்று, போல்ட் அந்தக் குழலுக்குள். நட்டை இறுக்கும் அழுத்தம் குழல் வழியாகக் கான்கிரீட்டுக்குப் போக வேண்டும். குழல் இல்லாமல் இறுக்கினால் மெத்தைமேல் கிடக்கும் பலகையை இறுக்கிய கதைதான், ஸ்க்ரீட் அமுங்கும், நாளாக நாளாக நட்டு தளரும், கடைசியில் ஸ்க்ரீட் பிளக்கும். இன்சுலேஷனுக்குக் கீழே ஈரம் தடுக்கும் பிளாஸ்டிக் ஷீட் இருந்தால் அதையும் ஓட்டை போட்டிருப்பீர்கள், ரெசினால் அந்த இடத்தை அடைக்க மறக்காதீர்கள்.

(வீடு இன்னும் கட்டும் நிலையில் இருந்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். ஸ்க்ரீட் போடுவதற்கு முன்பே கான்கிரீட்டில் ஒரு இரும்புக் கட்டையைப் பொருத்தி, சுற்றிலும் ஃபோம் பட்டை சுற்றி, குழாயை அந்த இடத்தை வளைத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுங்கள். பிளம்பர் முணுமுணுப்பார், பரவாயில்லை.)

ஹீட்டிங் ஓடும் மாதங்களில் மட்டும் ஆடுகிறது

இதில் தரைக்குச் சம்பந்தம் குறைவு, மரம் காய்கிறது. தூணின் அடி வெட்டுமுகம் சூடான தரைமேல் நேராக உட்கார்ந்திருக்கிறது, ஈரத்தை வேகமாக விடும் இடமும் அந்த வெட்டுமுகம்தான். மரத்தின் ஈரம் 12 சதவீதத்திலிருந்து 7-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சதவீதத்துக்கும் குறுக்களவில் ஏறக்குறைய 0.3 சதவீதம் சுருங்கும் மரத்தில், 90 மி.மீ. தூண் சுமார் 1.3 மி.மீ. குறையும். இறுக்கமாக இருந்த போல்ட்டுக்கு அது போதும் தளர. ஈரக்காற்று திரும்பினால் மரம் வீங்கி மறுபடி இறுகும், நீங்களும் தானாகச் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவீர்கள்.

ஹீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போது, மரம் சுருங்கிய நிலையிலேயே, போல்ட்டை இறுக்குங்கள். எட்டினால் ஸ்ப்ரிங் வாஷர் சேர்க்கலாம். தூண் கழன்று வரும் நேரம் எப்போதாவது வந்தால் அடி வெட்டுமுகத்துக்கு இரண்டு கை வார்னிஷ் அல்லது எபாக்சி கொடுத்துவிடுங்கள். புதுத் தூண் வாங்கினால் அதை ஹீட்டிங் ஓடும் அதே அறையில் இரண்டு மூன்று வாரம் படுக்கப் போட்டுவிட்டுப் பிறகு பொருத்துங்கள். அடியில் நீளவாக்கில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம், வெடிப்பு போல்ட் துளை வழியாகப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். போகிறதென்றால் போல்ட்டை இடம் மாற்ற வேண்டும்.

தூணைச் சுற்றி டைல்ஸ் விரிசல்

தூணின் மூலையிலிருந்து கோடு கிளம்பி ஓடுகிறதா? தூணைக் கான்கிரீட்டோடு கட்டிவிட்டு, ஸ்க்ரீட்டையும் அதோடு ஒட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். 8 மீட்டர் நீள ஸ்க்ரீட் 20 டிகிரி சூடாகும்போது மொத்தமாகச் சுமார் 2 மி.மீ. நீளும். சுவரோரம் ஃபோம் பட்டை வைப்பது அதற்காகத்தான். நடுவில் தூண் ஆணி அடித்த மாதிரி நின்றால் அதன் மூலையில் பிளக்காமல் என்ன செய்யும்? தூணைச் சுற்றி 8 முதல் 10 மி.மீ. வரை டைல்ஸையும் டைல்ஸ் இடுக்கை நிரப்பும் கிரவுட்டையும் வெட்டி எடுத்து இடைவெளி கொடுங்கள். வெட்டும் ஆழம் டைல்ஸோடு நிற்கட்டும், கீழே மிச்ச ஸ்க்ரீட்டைக் கையாலேயே உளி வைத்துச் சுரண்டுங்கள். சிலிகான் நிரப்பி, மேலே ஒரு மரப் பட்டியை மூடுங்கள். பட்டியைத் தூணோடு ஒட்டுங்கள், தரையோடும் சேர்த்து ஒட்டினால் பழைய கதைதான்.

ஒட்டிய தட்டு கையோடு வந்துவிட்டது

தட்டின் அடியைத் திருப்பிப் பாருங்கள். பசை தட்டிலேயே முழுசாக இருக்க, ஸ்க்ரீட்டின் வெண்மையான பொடிப் படலம் அதில் ஒட்டியிருந்தால் குற்றம் பசைமேல் இல்லை, கீழே இருந்த மேல்தோல் பிரிந்து வந்திருக்கிறது. ஜிப்சம் வகை ஸ்க்ரீட்டில் இந்தத் தோல் அதிகம். தேய்த்தெடுத்து, தூசியை வாக்குவம் போட்டு உறிஞ்சி, பிரைமர் அடித்துத்தான் ஒட்ட வேண்டும். அந்த வகை ஸ்க்ரீட்டில் சிமென்ட் சார்ந்த பசையை நேராகப் போடக் கூடாது, இரண்டும் வேதிவினை செய்து இடையில் பிரிந்துவிடும். பசை தட்டை விட்டு மினுமினுப்பாகக் கழன்றிருந்தால் தட்டில் எண்ணெய் இருந்திருக்கும். பசை ரப்பர் மாதிரி வளைந்தால் காயும் முன்பே ஹீட்டிங் போட்டிருக்கலாம், அல்லது கலவை விகிதம் தப்பு. ஒட்டுவதற்கு முந்தின நாளே ஹீட்டிங்கை நிறுத்துங்கள், டின்னில் போட்டிருக்கும் நேரம் முழுசாக முடியும்வரை போடாதீர்கள், அப்புறம் ஒரேயடியாக ஏற்றாமல் நாளுக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள். சூடான தரையில் எபாக்சி சீக்கிரம் இறுகும், தூணை நேராக நிறுத்த ரசமட்டத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கல்லாகிவிடும்.

தண்ணீர் வந்துவிட்டது, அல்லது பிரஷர் இறங்குகிறது

டிரில் போகும்போது தூள் சட்டென்று சேறாக மாறினால் நிறுத்துங்கள். பிட்டையோ திருகையோ பதற்றத்தில் பிடுங்காதீர்கள், இப்போதைக்கு ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பது அதுதான். பம்பை நிறுத்துங்கள். மேனிஃபோல்டில் அந்த லூப்பின் போகும் வால்வு, திரும்பும் வால்வு இரண்டையும் மூடுங்கள். ஒன்றை மட்டும் மூடினால் மறுபக்கத்திலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். எந்த லூப் என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பிறகு நிதானமாகத் தேடலாம்.

ஸ்க்ரீட்டைக் கையால் உளி வைத்து, சுமார் 30 செ.மீ. நீளத்துக்குத் திறந்து, அடிபட்ட துண்டை வெட்டி எடுத்து, குழாயின் வகைக்கு உரிய கப்ளிங்கை பிளம்பர் போட வேண்டும். பித்தளை கப்ளிங் சிமென்ட்டில் நேராகப் புதையக் கூடாது, டேப் சுற்றிக் காப்பது அவசியம். மூடும் முன் 4 முதல் 6 பார் வரை பிரஷர் ஏற்றிச் சோதித்து, அந்த அழுத்தத்திலேயே வைத்துக்கொண்டு ஸ்க்ரீட் போடுங்கள். அளவுநாடாவைப் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோவும். தூண் அங்கேயே நிற்க வேண்டும் என்று அடம்பிடிக்காமல், அதன் பிடிப்பைப் படிக்கு மாற்றிவிடுங்கள்.

உடனே தெரியாத வகையும் உண்டு. திருகு குழாயில் உரசிவிட்டு நின்றிருக்கும், சில நாள் கழித்துப் பிரஷர் காட்டும் முள் மெல்ல இறங்கும். லூப்களை ஒவ்வொன்றாக மூடி முள் எப்போது நிற்கிறது என்று பாருங்கள். நிற்கும் லூப் தூணுக்கு அடியில் ஓடுவது என்றால் சந்தேகம் தீர்ந்தது.

பிரேக்கர் விழுகிறது

மின்சார ஹீட்டிங் என்றால் கேபிள் டைல்ஸ் பசைக்குள்ளேயே, மேற்பரப்பிலிருந்து வெறும் 10, 15 மி.மீ. ஆழத்தில் படுத்திருக்கும். கிரவுட் கோட்டில் துளைத்தால் தப்பிக்கலாம் என்பது வெறும் நம்பிக்கை, கேபிளுக்கு உங்கள் கிரவுட் கோடு தெரியாது. தூண் வைத்த பிறகு எர்த் லீக்கேஜ் பிரேக்கர் விழ ஆரம்பித்தால் அந்த சர்க்யூட்டை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் கேபிளின் ஓம் அளவைப் பார்ப்பார். 230 வோல்ட்டில் 300 வாட் மேட் என்றால் சுமார் 176 ஓம் வர வேண்டும். மீட்டர் முடிவிலி காட்டினால் கேபிள் அறுந்திருக்கிறது, ஓம் சரியாக இருந்து உறை மின்சாரத்தைக் கசிய விடுகிறதா என்று பார்க்கும் மெகர் சோதனையில் தோற்றால் உறை கிழிந்திருக்கிறது. இரண்டுக்கும் அந்த டைல்ஸைக் கிளப்பி ஜாயின்ட் போட வேண்டும். திருகைக் கழற்றியதும் பிரேக்கர் விழுவது நின்றுவிட்டதே என்று விடாதீர்கள், கிழிந்த உறை அங்கேயேதான் இருக்கும்.

மேல்மாடி, மரத்தளம்

குழாய் உத்திரங்களுக்கு நடுவில், அலுமினியத் தகட்டின் மேல் ஓடும். இங்கே மேலிருந்து எதையும் இறக்காமல், முடிந்தால் கீழ்க்கூரையைத் திறந்து, இரண்டு உத்திரங்களுக்கு நடுவே தூணின் இருபக்கமும் குறுக்குக் கட்டை போட்டு, தூணை அந்தக் கட்டையோடு போல்ட்டால் பிடியுங்கள். தூண் தளத்தைத் தாண்டிக் கீழே இறங்கி உத்திரத்தோடு சேர்ந்தால் இன்னும் நல்லது. கட்டையை வைக்கும்போது அலுமினியத் தகட்டை மடக்கிவிடாதீர்கள், மடங்கின இடத்தில் தகடு குழாயை விட்டு விலகி மேலே தரை குளிர்ந்தே கிடக்கும்.